பயந்தவன் அல்ல, அவசரப்பட்டவனே இழந்தான்

2022-ஆம் ஆண்டு மே மாதம் 4-ஆம் தேதி. அன்று காலை எல்.ஐ.சி. பங்கு விற்பனை நாடெங்கும் திறக்கப்பட்டது. அன்று பிற்பகல், யாரும் எதிர்பாராத நேரத்தில், ரிசர்வ் வங்கி வட்டியை உயர்த்தியது. வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் ரெப்போ வட்டி 4 சதவீதத்திலிருந்து 4.40 ஆனது. அந்த ஒரே நாளில் சென்செக்ஸ் 1,300 புள்ளிகளுக்கு மேல் சரிந்தது.

ஒரு வாசலில் சாமானியனை "வா, பங்கு வாங்கு" என்று அழைத்தார்கள். மறு வாசலில் வட்டியை ஏற்றினார்கள். பாலிசிதாரர்களுக்குத் தனி ஒதுக்கீடு, 60 ரூபாய் தள்ளுபடி, ஞாயிற்றுக்கிழமையும் வங்கி திறந்து விண்ணப்பம் வாங்கும் ஏற்பாடு என்று உபசாரத்துக்குக் குறைவில்லை. பாலிசிதாரர்களின் ஒதுக்கீட்டுக்கு ஆறு மடங்கு விண்ணப்பம் குவிந்தது. வாழ்நாளில் பங்குச் சந்தைப் பக்கமே எட்டிப் பார்க்காதவர்கள் இதற்காகவே டீமேட் கணக்குத் தொடங்கினார்கள்.

முடிவு என்ன? 949 ரூபாய்க்கு விற்கப்பட்ட பங்கு மே 17-ல் சந்தைக்கு வந்தபோதே 867 ரூபாய். 2023 மார்ச்சில் 550 ரூபாய்க்கும் கீழே போனது. வாங்கிய விலையை மீண்டும் பார்க்க 2024 தொடக்கம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அரசுக்கு 20,500 கோடி ரூபாய் உடனே கைக்கு வந்துவிட்டது. காத்திருக்கும் வேலை மட்டும் சாமானியனுக்கு!

விலைவாசி ஏறும்போது வட்டியை உயர்த்துவது எல்லா நாட்டு மத்திய வங்கிகளும் செய்வதுதான். 2022 ஏப்ரலில் நம் நாட்டின் சில்லறைப் பணவீக்கம் 7.79 சதவீதம். ஆகவே உயர்த்தியதை நாம் குற்றமாகச் சொல்லவில்லை. அந்தச் சுமை யார் தலையில் இறங்கியது என்பதே நம் கேள்வி.

2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ஆறு தடவை வட்டி உயர்த்தப்பட்டது. மொத்தம் இரண்டரை சதவீதம். 2019 அக்டோபருக்குப் பிறகு வாங்கிய மாறும் வட்டி வீட்டுக் கடன்களை வங்கிகள் பெரும்பாலும் ரெப்போவோடு கட்டிப் போட்டிருந்ததால், ஏற்றம் உடனே கடன்காரர் வீட்டுக் கதவைத் தட்டியது. ஒரு கணக்குப் பாருங்கள். 20 ஆண்டுத் தவணையில் 25 லட்ச ரூபாய் கடன். வட்டி ஆறரை சதவீதமாக இருந்தபோது மாதத் தவணை ஏறத்தாழ 18,640 ரூபாய். அதுவே 9 சதவீதமானால் 22,490 ரூபாய். மாதம் 3,850 ரூபாய் கூடுதல். ஒரு நடுத்தரக் குடும்பத்தில் அது ஒரு பிள்ளையின் பள்ளிக் கட்டணம்.

"தவணையைக் கூட்டவில்லை, காலத்தைத்தான் நீட்டினோம்" என்று பல வங்கிகள் சொல்லின. கேட்க இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் 25 லட்சத்துக்கு 9 சதவீத வட்டி மட்டுமே மாதம் 18,750 ரூபாய்! பழைய தவணையைக் கட்டுகிறவரின் பணம் வட்டிக்கே போதாது. அசல் குறையாது, வளரும். இந்த அநியாயத்தைப் பார்த்துத்தான் 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி ஒரு உத்தரவு போட்டது. வட்டி மாறினால் கடன்காரருக்கு விவரம் சொல்ல வேண்டும், தவணையைக் கூட்டுவதா காலத்தை நீட்டுவதா என்று அவரையே தேர்வு செய்ய விட வேண்டும், நிலையான வட்டிக்கு மாறவும் வாய்ப்புத் தர வேண்டும் என்றது. நம் வாசகர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

கடனுக்கு இவ்வளவு வேகம். சேமிப்புக்கு? பணவீக்கம் 7 சதவீதத்தைத் தாண்டி நின்றபோது பெரிய பொதுத்துறை வங்கிகளில் ஓராண்டு வைப்புக்கு 5 சதவீதத்தை ஒட்டித்தான் கிடைத்தது. ரெப்போ ஏறிய பிறகும் வைப்பு வட்டி மெல்ல மெல்லத்தான் நகர்ந்தது. அதாவது, வங்கியில் போட்ட பணம் பெட்டிக்குள்ளேயே தேய்ந்தது. பிறகு 2024 ஆகஸ்டில், மக்களின் சேமிப்பு வங்கிகளை விட்டுச் சந்தைக்குப் போகிறதே என்று ரிசர்வ் வங்கி ஆளுநர் கவலை தெரிவித்தார். போகாமல் என்ன செய்வான்? 2020 மார்ச்சில் 4 கோடி அளவில் இருந்த டீமேட் கணக்குகள் 2024 மார்ச்சில் 15 கோடியைத் தாண்டியதற்கு ஆசை மட்டுமா காரணம்? வேறு வழி தெரியாததும் ஒரு காரணம்.

இப்படி வந்த சிறு முதலீட்டாளனைப் பற்றித் தொலைக்காட்சியில் பேசும் நிபுணர்கள் ஒரு கதை சொல்வார்கள். "அவன் பயந்தாங்கொள்ளி. சந்தை ஆடினால் முதலில் ஓடுகிறவன் அவன்தான்."

உண்மை என்ன? அமெரிக்க மத்திய வங்கி 2022 மார்ச்சில் வட்டியை ஏற்றத் தொடங்கியது. பூஜ்யத்தை ஒட்டி இருந்த வட்டியை 2023 ஜூலைக்குள் ஐந்தரை சதவீதம் வரை கொண்டு போனது. தங்கள் நாட்டிலேயே வட்டி கிடைக்கும்போது இங்கே ஏன் இருக்க வேண்டும் என்று அந்நிய நிறுவனங்கள் மூட்டை கட்டின. 2022-ஆம் ஆண்டில் மட்டும் அவை இந்தியப் பங்குகளை விற்று வெளியே எடுத்துச் சென்றது நிகரமாக 1.2 லட்சம் கோடி ரூபாய். முதலில் ஓடியது யார் என்று இப்போது சொல்லுங்கள்!

அதே ஆண்டில் மாதச் சம்பளக்காரரும் சிறு வியாபாரியும் பரஸ்பர நிதியில் மாதாமாதம் கட்டும் எஸ்.ஐ.பி. தொகை குறையவில்லை. ஆண்டுத் தொடக்கத்தில் மாதம் 11,000 கோடி ரூபாயைத் தாண்டியிருந்தது, டிசம்பரில் 13,500 கோடியைத் தாண்டியது. ஐநூறும் ஆயிரமுமாகச் சேர்ந்த இந்தப் பணம்தான் சந்தை சரிந்து விழாமல் முட்டுக் கொடுத்தது. 2022 ஜூனில் 51,360 வரை இறங்கிய சென்செக்ஸ் அந்த ஆண்டு முடிவில் 60,800-ஐத் தாண்டி நின்றது. பொறுத்திருந்தவர்கள் பெரும்பாலும் தப்பினார்கள்.

அப்படியானால் அழிந்தது யார்?

ஏறிய தவணைக்கும் ஏறாத சம்பளத்துக்கும் இடையே விழுந்த பள்ளத்தை ஒரே வாரத்தில் நிரப்பிவிடலாம் என்று நினைத்தவர்கள். 'எஃப் அண்ட் ஓ' என்று சொல்லப்படும் முன்பேர, விருப்ப ஒப்பந்த வணிகத்தில் இறங்கியவர்கள். இங்கே பங்கை வாங்கி வைப்பதில்லை. குறியீடு ஏறுமா இறங்குமா என்று குறைந்த பணத்தைக் கட்டிப் பெரிய தொகைக்கு ஒப்பந்தம் போடுவது. சந்தை எவ்வளவு ஆடுகிறதோ அவ்வளவு ஆசை காட்டும். கணிப்பு தவறினால் ஒரு மணி நேரத்தில் கட்டிய பணம் காலி. 2024 ஜூன் 3-ல் சென்செக்ஸ் 2,500 புள்ளிகள் ஏறி, தேர்தல் முடிவு வெளியான மறுநாளே 4,390 புள்ளிகள் விழுந்ததே, அந்த இரண்டு நாட்களை நினைத்துப் பாருங்கள்.

சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு ஒவ்வொரு வீட்டிலும் படித்துக் காட்டப்பட வேண்டியது. 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று ஆண்டுகளில் இந்த வணிகத்தில் இறங்கிய தனிநபர்கள் ஒரு கோடிக்கு மேல். அவர்களில் நூற்றுக்கு 93 பேர் இழந்தார்கள். சராசரி இழப்பு தலைக்கு 2 லட்சம் ரூபாய். மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். இவர்களில் முக்கால்வாசிக்கும் அதிகமானோர் ஆண்டு வருமானம் 5 லட்சத்துக்குக் கீழ் என்று கணக்குக் காட்டியவர்கள். 2023-24-ல் பத்தில் நான்கு பேருக்கு மேல் முப்பது வயதைத் தொடாத இளைஞர்கள்.

அதைவிட வேதனை, தொடர்ந்து ஆண்டுக்கணக்கில் இழந்தவர்களிலும் முக்கால்வாசிக்கு மேற்பட்டோர் மீண்டும் அதே இடத்துக்கே போனார்கள் என்பது. விட்ட இடத்தில் பிடிக்கலாம் என்ற நப்பாசை. இது முதலீட்டாளனின் குணமல்ல, சீட்டாட்டக்காரனின் குணம்.

அவர்கள் விட்ட பணம் ஆவியாகிவிடவில்லை. 2023-24-ல் தனிநபர்கள் இழந்தபோது, சொந்தக் கணக்கில் வணிகம் செய்யும் பெரு நிறுவனங்கள் 33,000 கோடியும் அந்நிய முதலீட்டாளர்கள் 28,000 கோடியும் லாபம் பார்த்தார்கள். அந்த லாபத்தில் பெரும்பகுதி கணினி நிரல்களை வைத்து ஈட்டியது. கைபேசியை வைத்துக்கொண்டு ஒரு வாலிபன் யாரோடு மோதுகிறான் என்று புரிகிறதா? தரகுக் கட்டணமும் பங்குச் சந்தைக் கட்டணமும் வரியும் தனி. வென்றாலும் தோற்றாலும் அவை நிற்பதில்லை.

செபி பிறகு சில தடுப்புகளைக் கொண்டுவந்தது. 2024 நவம்பர் முதல் ஒப்பந்தத்தின் குறைந்தபட்ச மதிப்பு 15 லட்சமாக உயர்த்தப்பட்டது. வாராந்திர ஒப்பந்தங்கள் குறைக்கப்பட்டன. மத்திய அரசோ அதே ஆண்டு அக்டோபரிலிருந்து பரிவர்த்தனை வரியைக் கூட்டியது. ஆனாலும் 2024-25-ல் நூற்றுக்கு 91 பேர் இழந்தார்கள். அந்த ஓராண்டின் இழப்பு மட்டும் 1.05 லட்சம் கோடி ரூபாய். தீ எரியும் வீட்டின் வாசலில் நுழைவுக் கட்டணத்தைக் கூட்டுவது தீயணைப்பாகுமா?

நம் சமுதாயத்துக்கு இதில் தனியாக ஒரு எச்சரிக்கை உண்டு. வட்டியை விலக்கியவர்கள் வங்கி வைப்பை நாடுவதில்லை. பங்கு என்பது லாபத்திலும் நட்டத்திலும் கூட்டுச் சேர்வதுதானே என்று சந்தைக்கு வருகிறார்கள். ஒரு தொழிலில் உண்மையாகப் பங்கு வாங்கி, அதன் வளர்ச்சிக்குக் காத்திருப்பது கூட்டு வியாபாரம் என்று சொல்லலாம். ஆனால் கையில் இல்லாத சரக்கை வைத்து, வியாழக்கிழமைக்குள் ஏறும் இறங்கும் என்று பணம் கட்டுவது எந்த வியாபாரம்? வட்டிக்குப் பயந்து சூதாட்டத்தில் விழுவது, மழைக்குப் பயந்து கிணற்றில் குதித்த கதை. வட்டியில்லா வங்கி முறையை ரகுராம் ராஜன் தலைமையிலான குழு 2008-லேயே பரிந்துரைத்தது. அதைத் தொடர்வதில்லை என்று 2017-ல் ரிசர்வ் வங்கி கைவிட்டது. அந்தக் கதவு திறந்திருந்தால் நாணயமான சேமிப்பாளர்கள் பலர் இந்த அலைக்கழிப்புக்கு ஆளாகியிருக்க மாட்டார்கள்.

ஆட்சியாளர்களிடம் நாம் கேட்பது இதுதான். கடனுக்கு வட்டியை ஏற்றும் அதே வேகத்தில் சேமிப்புக்கும் ஏற்றும்படி வங்கிகளைக் கட்டுப்படுத்துங்கள். கடன்காரருக்குள்ள உரிமைகளைத் தமிழில் அச்சிட்டு வங்கிக் கிளைகளில் ஒட்டுங்கள். சிறு வருமானக்காரர் கைபேசி வழியே நிமிடத்தில் சூதில் நுழைவதைத் தடுங்கள்.

வாசகர்களே! அவர்கள் செய்யும்வரை நாம் காத்திருக்க முடியாது. அடுத்த ஆண்டுக்குள் தேவைப்படும் பணத்தை, அது மகளின் கல்யாணச் செலவோ மகனின் கல்லூரிக் கட்டணமோ, சந்தையில் போடாதீர்கள். கடன் வாங்கியோ நகையை அடகு வைத்தோ ஒரு பங்குகூட வாங்காதீர்கள். தவணை ஏறிவிட்டதென்றால் முதலில் வங்கிக்குப் போய், மீதி அசல் எவ்வளவு, இன்னும் எத்தனை மாதம் என்று எழுத்தில் கேளுங்கள். கையில் மிச்சமிருந்தால் அசலைக் குறையுங்கள். அதைவிட உறுதியான லாபத்தை எந்தச் சந்தையும் உங்களுக்கு எழுதித் தராது.

2025 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி வட்டியை இறக்கத் தொடங்கியது. இறங்கியது மறுபடியும் ஏறும். ஏறும்போது சந்தை மறுபடியும் ஆடும். அன்றைக்கும் "இதுதான் தருணம், விட்டால் கிடைக்காது" என்று காதருகே வந்து சொல்ல ஆட்கள் இருப்பார்கள். உங்கள் வீட்டு வாலிபனை இன்றே பக்கத்தில் உட்கார வைத்து, நூற்றுக்கு 91 என்ற அந்த எண்ணைச் சொல்லுங்கள். அவனது கைபேசியில் என்ன ஓடுகிறது என்றும் கேளுங்கள்.