கப்பல் ஏறுமுன்

நம் சங்கத்துக் குடும்பங்கள் சில இப்போது சிங்கப்பூர் சென்று உல்லாசக் கப்பல் ஏறுகின்றன. மகிழ்ச்சி. ஆனால் கப்பல் சாப்பாட்டை விவரிக்கும் ஏஜெண்டுகள் விமான விதிகளைச் சொல்வதில்லை என்பது என் குறை.

ரயிலில் மூன்றடுக்கு ஏ.சி.யில் தலைக்கு 40 கிலோ இலவசம். அந்தப் பழக்கத்தில் பெட்டி கட்டுகிறோம். நாகபுரியிலிருந்து மும்பைக்குத் தனி டிக்கெட் எடுத்தால் பெரும்பாலும் 15 கிலோதான், கையில் 7. மும்பை-சிங்கப்பூர் டிக்கெட்டில் அதற்கு மேல் அனுமதி இருந்தும் பயனில்லை. பாதையில் வலுக்குறைந்த பாலம்தானே வண்டியின் பாரத்தை நிர்ணயிக்கிறது! இது தெரிந்தும், ஒரு முறுக்கு டின்னுக்காகக் கவுண்டரில் முறுக்கின் விலையைவிட அதிகம் தண்டம் கட்டியவன் நான். முன்னதாகவே இணையத்தில் கட்டியிருந்தால் குறைந்திருக்கும்.

சோதனை விதி இன்னும் மோசம். போகும்போது இல்லாதது திரும்பும்போது முளைக்கும். 2022 நவம்பரில் ஏர் சுவிதா படிவத்தை எடுத்தார்கள். 2023 ஜனவரி 1 முதல் சிங்கப்பூர் உள்ளிட்ட ஆறு இடங்களிலிருந்து இந்தியா வருவோருக்கு, புறப்படுமுன் ஆர்.டி.பி.சி.ஆர். சோதனை கட்டாயம் என்றார்கள், பிப்ரவரியில் நீக்கினார்கள். அந்த நேரம் கப்பலில் இருந்தவர் என்ன செய்திருப்பார்?

இன்று அந்தச் சோதனை இல்லை. என்றாலும் புறப்படும் வாரம் விமானக் கம்பெனியையே கேட்டுவிடுங்கள். ஏஜெண்டைக் கேட்டால் "அதெல்லாம் ஒன்றுமில்லை சார்" என்பார்.