மாலை கவிஞனுக்கு, பூட்டு பாட்டுக்கா?

தோழர்களே! பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்துக்கு "இன்னிசை அஞ்சலி" என்று மேடை போடுகிறார்கள். படத்துக்கு மாலை, முன்வரிசை நாற்காலிகள் பணக்காரப் பிரமுகர்களுக்கு! போடட்டும். மக்கள் கவிஞரை மறக்காதிருப்பது நமக்கும் மகிழ்ச்சியே. ஆனால், அந்த மேடையில் என்ன பாடுகிறார்கள்? அதுதான் நம் கேள்வி.

அப்படியொரு கச்சேரியை நாமும் கேட்டோம். மூன்று மணி நேரம் நடந்தது. 'கல்யாணப் பரிசு' (1959) படத்தின் காதல் பாட்டுகள் வந்தன, கைதட்டல் எழுந்தது. 'நாடோடி மன்னன்' (1958) படத்தில், விளைந்ததெல்லாம் எங்கே போகிறது என்று உழைக்கும் ஆணும் பெண்ணும் பேசிக்கொள்ளும் பாட்டு வரவில்லை. கவிஞர் மறைந்தபின் வெளிவந்த 'இரும்புத்திரை' (1960) படத்தில், வாங்கிய கூலி மடியில் தங்காத கதையைச் சொல்லும் பாட்டும் வரவில்லை. பின்வரிசையில் ஒரு தொழிலாளி எழுந்து கேட்டார். "நேரமில்லை" என்றார்கள். நன்றியுரைக்கு மட்டும் அரைமணி நேரம் இருந்தது!

காதல் பாட்டு நமக்கு வேண்டாதது அல்ல. அதையும் அவரே எழுதினார். பாட்டாளிக்கும் காதல் உண்டு. ஆனால் ஒரு கையை மட்டும் காட்டி, மறு கையை மறைப்பது அஞ்சலியா?

"கலைக்கு ஏன் அரசியல்?" என்பார்கள். பாட்டைப் பாடுவது அரசியல் என்றால், பாடாமல் விடுவது மட்டும் என்னவாம்?

"சினிமாக்காரர் கேட்டார், காசுக்கு எழுதினார்" என்றும் சிலர் சொல்வார்கள். பிழைப்புக்கு எழுதினார், உண்மை. ஆனால் அந்தச் சிந்தனையை எந்த முதலாளி கொடுத்தான்? 1930-இல் செங்கப்படுத்தான்காட்டில் பிறந்தவர் அவர். வயலில் உழைத்தார், மாடு மேய்த்தார், உப்பளத்தில் வேலை செய்தார், மாம்பழம் விற்றார். சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் எதிராகச் செங்கொடி எழுந்த தஞ்சை மண்ணில், விவசாய இயக்கத்தோடு நின்று வளர்ந்தவர். அங்கே கற்றதைத்தான் வெள்ளித்திரையில் ஏற்றினார். 1959 அக்டோபர் 8-இல் மறைந்தபோது வயது 29. திரைக்கு எழுதிய காலம் சில ஆண்டுகளே.

அந்தச் சில ஆண்டுகளில் எழுதியவை இன்னும் ஏன் சிலருக்கு உறுத்துகின்றன? உழைப்பவன் கூலிக்குக் கையேந்தும் நிலை இன்னும் தீரவில்லை, அதனால்தான்! நிலை தீர்ந்திருந்தால் அந்தப் பாட்டுகளைப் பழங்கதையாகப் பாடிவிட்டுப் போயிருப்பார்கள்.

ஆகவே தோழர்களே, மண்டபக்காரர்களிடம் மன்றாட வேண்டாம். அக்டோபர் 8 அன்று ஆலை வாசலில் கூடுங்கள், களத்துமேட்டில் கூடுங்கள். விலையுயர்ந்த வாத்தியம் தேவையில்லை. ஒரு பறை போதும். விட்ட பாட்டையெல்லாம் முதலடியிலிருந்து கடைசி அடிவரை பாடுங்கள். பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

படத்துக்குப் போட்ட மாலை மறுநாளே வாடும். உழைப்பவன் வாயில் ஏறிய பாட்டு வாடாது!