டீச்சர் வேலை சரி, சம்பளம் எவ்வளவு?



இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் ஒரே கேள்வி வேறு வேறு கையெழுத்தில் திரும்பத் திரும்ப வருகிறது. "மகள் உயர்தரம் எழுதிவிட்டாள். டீச்சராக்க ஆசை. முதல் சம்பளம் எவ்வளவு கிடைக்கும்? எங்கள் வலயத்தில் கூடவா, பக்கத்து வலயத்தில் கூடவா? யாரிடம் கேட்பது?" என்று ஓர் உம்மா கேட்கிறார். இன்னொருவர், "தனியார் பாடசாலை ஒன்றில் வரச் சொல்கிறார்கள். சம்பளத்தைப் பற்றி அவர்களும் வாய் திறக்கவில்லை, நானும் கேட்கவில்லை" என்கிறார்.

நம் வீடுகளில் ஒரு வேடிக்கை உண்டு. பெண் டீச்சர் என்றால் அவளுடைய சம்பளத்தை மாப்பிள்ளை வீட்டார் தரகர் மூலம் சதக் கணக்கில் விசாரித்து வைத்திருப்பார்கள். அந்தப் பெண்ணோ, முதல் மாதச் சம்பளம் கைக்கு வரும்வரை அது எவ்வளவென்று யாரிடமும் கேட்டிருக்க மாட்டாள். "உம்மா, சம்பளம் எவ்வளவெண்டு கேட்டா பிழையா நினைப்பாங்களா?" என்பதுதான் அவளுடைய கவலை. நாட்டின் ஆசிரியர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர் பெண்கள். இத்தனை பெண்கள் உள்ள ஒரு தொழிலின் சம்பளத்தைக் கேட்க எதற்குக் கூச்சம்?

முதலில் அரசாங்கப் பாடசாலைகளை எடுத்துக்கொள்வோம்.

அமெரிக்கா போன்ற நாட்டில் ஒவ்வொரு பாடசாலை மாவட்டத்துக்கும் தனித்தனியே சம்பள அட்டவணை உண்டு. ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு சம்பளம், அந்தப் பக்கம் இன்னொரு சம்பளம் என்று இருக்கலாம். நம் நாட்டில் அப்படியில்லை. தேசிய பாடசாலைகள் மத்திய கல்வி அமைச்சின் கீழும், ஏனையவை மாகாண சபைகளின் கீழும் இருந்தாலும், ஆசிரியர்கள் எல்லோரும் இலங்கை ஆசிரியர் சேவை என்ற ஒரே சேவையைச் சேர்ந்தவர்கள். கல்முனையிலும் கண்டியிலும் புத்தளத்திலும் ஒரே தரத்துக்கு ஒரே அடிப்படைச் சம்பளம்தான். கஷ்டப் பிரதேசப் பாடசாலைகளுக்கென்று தனிக் கொடுப்பனவு உண்டு. இடத்தைப் பொறுத்து மாறுவது பெரும்பாலும் அவ்வளவுதான். ஆகவே "எந்த வலயத்தில் சம்பளம் கூட?" என்று அலைய வேண்டாம். "என் மகள் எந்தத் தரத்தில் சேர்க்கப்படுவாள்?" என்று கேளுங்கள்.

அந்தத் தரத்தைத் தீர்மானிப்பது தகுதி. கல்வியியற் கல்லூரி டிப்ளோமாவுடன் வருபவர் ஒரு படியில் நிற்பார், பட்டதாரி இன்னொரு படியில் நிற்பார். இந்தப் படிகள் எல்லாம் ஆசிரியர் சேவைப் பிரமாணக் குறிப்பில் எழுதப்பட்டிருக்கின்றன. 2014 ஒக்டோபர் 23 ஆம் திகதிய 1885/38 இலக்க அதிவிசேட வர்த்தமானியில் அது வெளிவந்தது. பிறகு திருத்தங்களும் வரக்கூடும் என்பதால் ஆட்சேர்ப்பு அறிவித்தல் வரும்போது அதையே கடைசிச் சொல்லாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த அறிவித்தலில் தரம், சம்பளக் குறியீடு, ஆரம்பப் படி மூன்றும் இருக்கும். விண்ணப்பப் படிவத்தை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கசக்கி எறிந்துவிடுகிறோம். விஷயமெல்லாம் அந்த மிச்சத்தில்தான் இருக்கிறது.

தர்கா நகர், அட்டாளைச்சேனை போன்ற கல்வியியற் கல்லூரிகளுக்குப் பிள்ளைகளை அனுப்பும் தாய்மார் இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். மூன்று வருடங்களில் கடைசி வருடம் பாடசாலையொன்றில் கட்டுறுப் பயிற்சி. பிள்ளை தினமும் சாரி உடுத்தி வகுப்புக்குப் போவாள், ஊரும் "டீச்சர்" என்று கூப்பிடும். ஆனால் அந்த வருடம் கிடைப்பது பயிலுநர் கொடுப்பனவு மாத்திரமே. டிப்ளோமா முடிந்து நியமனம் வந்த பிறகுதான் ஆசிரியர் சம்பளம். அதை நம்பி முன்கூட்டியே சீட்டுப் பிடிக்க வேண்டாம்.

பட்டதாரிப் பிள்ளைகளுக்கும் இதுபோல ஒரு சிக்கல் உண்டு. 2020 இல் மாதம் 20,000 ரூபா கொடுப்பனவுடன் பயிலுநர்களாக எடுக்கப்பட்ட பட்டதாரிகள் பலர் பாடசாலைகளில் பணிக்கு விடப்பட்டார்கள். பின்னர் அவர்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர்களானார்கள். ஆசிரியரோடு ஒரே கூரையின் கீழ் வகுப்பெடுத்தாலும் அவர்களுடைய சம்பளக் குறியீடு எம்.என். 4. ஆசிரியருடையது ஜீ.ஈ. என்று தொடங்கும். "ஸ்கூலில் வேலை" என்பதும் "ஆசிரியர் சேவை" என்பதும் ஒன்றல்ல. நியமனக் கடிதத்தில் அந்த எழுத்துக்களைத் தேடிப் பாருங்கள்.

இனி அந்தச் சம்பள வரியை எப்படி வாசிப்பது? 2016 ஆம் ஆண்டின் 03 ஆம் இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கையில் ஜீ.ஈ. 1 இற்கு எதிரே இப்படி இருந்தது: 27,740 - 6×300 - 7×380 - 2×445 - 33,090. பார்த்தவுடன் கணக்குப் பாடம் போலத் தலை சுற்றும். விஷயம் மிக எளிது. முதல் எண் ஆரம்ப அடிப்படைச் சம்பளம். பிறகு ஆறு வருடங்களுக்கு ஆண்டுக்கு 300 ரூபா வீதம், அடுத்த ஏழு வருடங்களுக்கு 380 ரூபா வீதம், அடுத்த இரண்டு வருடங்களுக்கு 445 ரூபா வீதம் சம்பள ஏற்றம். கடைசி எண் அந்த அளவுத்திட்டத்தின் உச்சி. தகுதி கூடியவர் நடுவிலுள்ள ஒரு படியிலிருந்தே தொடங்குவதும் உண்டு. ஒருமுறை வீட்டில் இருந்து கூட்டிப் பாருங்கள், கணக்கு அச்சொட்டாக வரும்.

இங்கேதான் பலர் ஏமாறும் இடம் இருக்கிறது. அந்த 27,740 ரூபா 2016 இல் எவருக்கும் முழுமையாகக் கிடைக்கவில்லை. அது 2020 ஜனவரிக்கான எண். இடைப்பட்ட வருடங்களில் படிப்படியாகவே கூட்டப்பட்டது. 2025 இலும் அதே கதைதான். அரச சேவையின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளம் 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவாகிறது என்று கேட்டதும், மாதம் 15,750 ரூபா கூடிவிட்டதாக எல்லா வீட்டிலும் பேச்சு. ஆனால் அதுவரை தனித்தனியாகக் கொடுபட்ட சில படிகள் அதற்குள் சேர்க்கப்பட்டதால் உண்மையான கூடுதல் 8,250 ரூபா. அதிலும் 5,000 ரூபாவும் மிச்சத்தில் நூற்றுக்கு 30 வீதமும், அதாவது 5,975 ரூபா, 2025 ஏப்ரலில். எஞ்சியது 2026 ஜனவரி, 2027 ஜனவரி என இரண்டு சம பங்காக. ஆசிரியர்களுக்கான எண்கள் வேறு, அவை 10/2025 இலக்கச் சுற்றறிக்கையில் இருக்கின்றன. கணக்கிடும் முறை அதேதான். ஆகவே அட்டவணையில் ஓர் எண்ணைக் கண்டால், "இது எந்த மாதத்திலிருந்து கைக்கு வரும் எண்?" என்று கேட்க மறவாதீர்கள்.

பழைய அட்டவணையைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆசிரியர், அதிபர் சம்பள முரண்பாடு 1997 ஆம் ஆண்டுச் சம்பளத் திருத்தத்தோடு தொடங்கியது என்பது தொழிற்சங்கங்களின் நீண்டகால முறைப்பாடு. 2021 ஜூலை 12 இல் இணையவழிக் கற்பித்தலை நிறுத்தி ஆரம்பித்த போராட்டம் ஒக்டோபர் வரை நீடித்தது. பிள்ளைகள் கைத்தொலைபேசியை வைத்துக்கொண்டு சும்மா இருந்த அந்த மாதங்கள் தாய்மாருக்கு மறந்திருக்காது. அதன் பலனாக, சுபோதினி குழு சிபாரிசு செய்த அதிகரிப்பில் மூன்றில் ஒரு பங்கு 2022 ஜனவரியிலிருந்து சேர்க்கப்பட்டது. எனவே 2016 அட்டவணையை வைத்து இன்றைய சம்பளத்தைக் கணக்குப் பார்த்தால் பிழைக்கும்.

அடிப்படைச் சம்பளத்தோடு எல்லோருக்கும் ஒரே அளவில் வாழ்க்கைச் செலவுப் படி சேரும். 7,800 ரூபாவாக இருந்த அது 2024 இல் 17,800 ரூபாவாக்கப்பட்டது. கழிவுகள் என்று பார்த்தால் விதவைகள், அநாதைகள் ஓய்வூதியப் பங்களிப்பு, அக்ரஹார காப்புறுதி போன்றவை. 2025 ஏப்ரலிலிருந்து மாதம் 150,000 ரூபா வரையிலான சம்பளத்துக்கு வருமான வரி இல்லாததால் புதிய ஆசிரியைக்கு அந்தப் பயம் தேவையில்லை. காசாக எண்ண முடியாதவையும் உண்டு: 84 வேலை நாட்கள் முழுச் சம்பளத்துடன் பிரசவ விடுமுறை, முஸ்லிம் பெண்களுக்கான இத்தா விடுமுறை, கடைசியில் ஓய்வூதியம். தனியார் பாடசாலையில் இரண்டாயிரம் ரூபா கூடக் கிடைக்கிறதே என்று ஒப்பிடுபவர்கள் இவற்றையும் தராசில் போட வேண்டும்.

தனியார் பாடசாலை, சர்வதேசப் பாடசாலை, முன்பள்ளி, குர்ஆன் மத்ரசா என்று வரும்போது வர்த்தமானியும் இல்லை, சுற்றறிக்கையும் இல்லை. நம் பிள்ளைகள் அதிகம் நஷ்டப்படுவதும் இங்கேதான். "வீட்டுக்குப் பக்கம், பெண்கள் மட்டும், பன்னிரண்டரைக்கு வீட்டுக்கு வந்துவிடலாம்" என்ற மூன்று வசதிகளுக்காகச் சம்பளத்தைப் பற்றிப் பேசாமலே சேர்ந்துவிடுகிறார்கள். முதல் மாத முடிவில் ஒரு கவர் கையில் வரும். பிரித்துப் பார்க்கும்போது முகம் வாடும். நிர்வாகத்தில் இருப்பவர் மாமாவாகவோ வாப்பாவின் கூட்டாளியாகவோ இருப்பார். பிறகு யார் போய்க் கேட்பது?

சேருமுன் கேட்டுவிடுங்கள். சம்பளம் எவ்வளவு, பாடசாலை விடுமுறை மாதங்களிலும் உண்டா, நோன்பு மாதத்தில் பாடசாலை மூடினால் வெட்டுவார்களா, பயிற்சிக் காலம் என்று குறைத்துத் தருவார்களா, தருவதாயின் எத்தனை மாதம்? இவற்றுக்குப் பதில் எழுத்தில் வேண்டும். வாப்பாவோ நானாவோ கூடப் போனாலும் பிள்ளையே வாய் திறந்து கேட்கட்டும். வேலை செய்யப் போவது அவள்.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. தேசிய ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும், 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபாவாகவும் சட்டத்தில் வைக்கப்பட்டது. முழுநேரம் வேலை வாங்கிக்கொண்டு அதற்குக் குறைவாகக் கொடுக்க முடியாது. ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்திலிருந்து கழிப்பது நூற்றுக்கு 8 வீதம். நிர்வாகம் தன் கையிலிருந்து போடுவது 12 வீதம். 30,000 ரூபா சம்பளமென்றால் உங்களுடைய 2,400, அவர்களுடைய 3,600, ஆக மாதம் 6,000 ரூபா உங்கள் பெயரில் சேர வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு இன்னும் 3 வீதமும் அவர்கள் பொறுப்பு. அந்த 12 வீதத்தையும் ஆசிரியையின் சம்பளத்திலேயே வெட்டுவதாகச் சில சகோதரிகள் எழுதுகிறார்கள். அது சட்டத்துக்கு மாறு. அங்கத்துவ இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். தராவிட்டால் தொழில் திணைக்களத்தின் அருகிலுள்ள அலுவலகத்தில் முறையிடலாம்.

அரசாங்கப் பக்கம் விசாரிக்க வலயக் கல்விப் பணிமனைக்குப் போவதாயின் பொதுமக்கள் தினத்தை அறிந்து போங்கள். சம்பளத்தோடு சேர்த்து, மகளின் பாடத்துக்குத் தமிழ் மொழி மூலத்தில் எத்தனை வெற்றிடங்கள் இருக்கின்றன என்றும் கேளுங்கள். எவ்வளவு நல்ல சம்பளமானாலும் நம் மாகாணத்தில் அந்தப் பாடத்துக்கு வெற்றிடம் இல்லாவிட்டால் தூர இடத்துக்குத்தான் நியமனம் வரும். அங்கே அறை வாடகையும் பஸ் செலவும் போக மிஞ்சுவதுதான் அவளுடைய உண்மையான சம்பளம்.

"நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிட்டால் மனம் தளர வேண்டாம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஒரு வெள்ளைத்தாளில் தமிழிலேயே, "இந்தத் தகுதியுடன் ஆசிரியர் சேவைக்குச் சேர்க்கப்படுபவரின் தரம், சம்பளக் குறியீடு, ஆரம்பப் படி, இப்போது கொடுபடும் படிகள், இந்தப் பாடத்துக்கான வெற்றிடங்கள்" என்று எழுதி, அந்த அலுவலகத்தின் தகவல் உத்தியோகத்தரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கடிதத்தையும் வாங்கி வாருங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தீர்மானித்து அறிவிக்க வேண்டும். மறுத்தால் அதே நிறுவனத்தில் மேன்முறையீட்டுக்கென்று குறிக்கப்பட்ட அலுவலரிடமும், அதற்குப் பிறகு தகவலறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் போகலாம்.

நியமனம் கிடைத்த பிறகு ஒன்று. கோவை பூரணமாகாமல் முதல் சம்பளம் ஓரிரு மாதம் பிந்துவது சகஜம். அது நிலுவையாகச் சேர்ந்து வரும். அந்த இடைவெளிக்கு வீட்டில் சிறு தொகை ஒதுக்கி வையுங்கள். சம்பளம் போகும் வங்கிக் கணக்கை மகளின் சொந்தப் பெயரில், அவள் கையெழுத்தில் திறவுங்கள். ஏ.டி.எம். அட்டையும் அதன் இரகசிய இலக்கமும் அவளிடமே இருக்கட்டும்.