குடத்து நீரைச் சோதிப்போம்



தருமபுரி மாவட்டத்தில் நிலத்தடிப் பாறையிலிருந்து நீரில் கரையும் புளோரைடு, பல்லில் பழுப்புக் கறையாகவும் மூட்டு வலியாகவும் தலைமுறைகளை வாட்டியது. 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தால் காவிரி நீர் வந்தது பெரிய ஆறுதல். ஆனால், குழாயில் தண்ணீர் வராத நாளில் ஆழ்துளைக் கிணற்று நீரைத்தான் பிடிக்கிறோம். புளோரைடுக்கு நிறமில்லை, மணமில்லை. கொதிக்க வைத்தாலும் போகாது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. களப் பரிசோதனைப் பெட்டியின் மருந்தைச் சில சொட்டு விட்டு, இளஞ்சிவப்பு மஞ்சளாக மாறுவதை வைத்தே அளவை அறியலாம். இண்டூர் சுற்றுவட்டாரத்தில் ஒவ்வொரு ஆழ்துளைக் கிணற்றையும் சோதித்து, முடிவையும் தேதியையும் அதன் நீர்த்தொட்டியிலேயே எழுதிவைக்க ஊராட்சிகள் முன்வர வேண்டும். குழந்தைகளின் பற்களைக் காக்க இது அவசரத் தேவை.

– ஒரு வாசகர், இண்டூர், தருமபுரி மாவட்டம்