திங்கட்கிழமை மூன்று மணிக்கு யார் வர முடியும்?

அரசு அலுவலகக் கோப்புகளைப் பொதுமக்கள் நேரில் வந்து பார்க்கலாம் என்று மராட்டிய மாநில அரசு 2018 நவம்பரில் ஓர் உத்தரவு போட்டது. மாவட்ட அளவிலான அலுவலகங்களிலும், மாநகராட்சி முதலிய உள்ளாட்சி அமைப்புகளிலும் திங்கட்கிழமைதோறும் பிற்பகல் 3 மணி முதல் 5 மணி வரை இதற்கென ஒதுக்கப்பட்டது. புனே மாநகராட்சியில் முன்பே நடந்து வந்த ஏற்பாடுதான் இப்படி விரிவாக்கப்பட்டது. நல்ல காரியம். ஆனால் நெருளில் குடியிருக்கும் நம்மவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? தெரிந்தாலும் எத்தனை பேரால் போக முடியும்?

காலை லோக்கலைப் பிடித்துக் கோட்டைப் பகுதிக்கு வேலைக்குப் போகும் குமாஸ்தா, திங்கட்கிழமை மூன்று மணிக்கு நெருள் வட்டார அலுவலகத்தில் நிற்க வேண்டுமானால் அரைநாள் லீவு போட வேண்டும். தினக்கூலிக்காரருக்கு லீவு ஏது? அன்றைய கூலி போயிற்று, அவ்வளவுதான். 2020 பிப்ரவரி 29 முதல் மாநில அரசு அலுவலகங்களுக்கு ஐந்து நாள் வாரம் வந்துவிட்டதால் சனிக்கிழமையும் கதவு சாத்தியிருக்கிறது. ஊழியர்களுக்கு ஓய்வு கூடாது என்று நாம் சொல்லவில்லை. அந்தச் சனிக்கிழமைக்கு ஈடாகத்தான் மற்ற நாட்களில் வேலை நேரம் மாலை 6-15 வரை நீட்டப்பட்டது. அப்படியிருக்க, கோப்பைக் காட்டுவதை மட்டும் ஏன் 5 மணிக்கே முடித்துக்கொள்ள வேண்டும்?

போக முடியாதவர்களுக்கு மனு என்ற வழி இருக்கிறது. 2005 அக்டோபர் 12 முதல் நடைமுறையில் உள்ள தகவல் உரிமைச் சட்டப்படி, 10 ரூபாய் கட்டணத்துடன் மனுக் கொடுத்தால் 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். கோர்ட் பீஸ் ஸ்டாம்பு ஒட்டினாலும் போதும். எதற்காகக் கேட்கிறாய் என்று அதிகாரி கேட்கக் கூடாது. தக்க காரணமின்றித் தாமதித்தால் நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அந்த அதிகாரிக்கே அபராதம் விதிக்கலாம். இந்த மாநிலத்தில் ஒரு மனுவில் ஒரே விஷயந்தான் கேட்கலாம், அதுவும் 150 சொற்களுக்குள். விதி கொஞ்சம் கறார்தான். ஆனாலும் சுருக்கமாகக் கேட்டால் மழுப்பலாகப் பதில் சொல்வது கடினம்.

நெருள்வாசிகளுக்கு இன்னொரு தலைவலி உண்டு. மனையென்றால் சிட்கோ, தண்ணீரென்றால் நவி மும்பை மாநகராட்சி. எது எவர் பொறுப்பு என்று தெரியாமல் அலைகிறோம். தவறான இடத்தில் மனுக் கொடுத்துவிட்டாலும், அதை 5 நாட்களுக்குள் உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டியது அந்த அலுவலகத்தின் கடமை. "இங்கே இல்லை, அங்கே போ" என்று திருப்பி அனுப்பச் சட்டத்தில் இடமில்லை.

மொழியும் ஒரு தடைதான். மனு மராத்தியிலோ, இந்தியிலோ, ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும்; தமிழ் இங்கே செல்லாது. ஆனால் எழுத இயலாதவர் வாயால் சொன்னால், அதை எழுத்தில் கொண்டுவரத் தகவல் அதிகாரியே உதவ வேண்டும் என்று 6-ஆவது பிரிவு சொல்கிறது. இது தெரியாமல் நம் தொழிலாளர்கள் தரகரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு நிற்கிறார்கள்.

இதெல்லாம் பொழுதுபோக்குக்காகப் பார்க்கும் காகிதங்கள் அல்ல. தாராவியில் 2024 மார்ச்சில் வீடு வீடாகக் கணக்கெடுப்புத் தொடங்கியது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பவர் என்று காட்டினால் அங்கேயே இலவச வீடு, இல்லையேல் வேறிடம். பெற்றோர் தாராவியிலும் பிள்ளைகள் நெருளிலுமாக இருக்கும் குடும்பங்களுக்கு, ஏதோ ஓர் அலமாரியில் கிடக்கும் பழைய பதிவேட்டின் ஒரு வரிதான் வீடு. நகல் கேட்டால் பக்கத்துக்கு 2 ரூபாய்.

பட்டியலில் நம் பெயர் விட்டுப்போய் மற்றவர் பெயர் எப்படி வந்தது என்று கேட்பது இனி இன்னும் கடினமாகலாம். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் வழியாகத் தகவல் உரிமைச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் 2025 நவம்பரில் அமலுக்கு வந்தது. "தனிப்பட்ட விவரம்" என்று ஒரே வார்த்தையில் மறுக்க அது வழிவிடுகிறது. பொதுநலன் பெரிதென்றால் தரலாம் என்னும் 8(2) பிரிவு இன்னும் இருக்கிறது. மேல்முறையீட்டில் அதை மறவாமல் குறிப்பிட வேண்டும்.

மாநகராட்சியிடம் நாம் கேட்பது பெரிய செலவில்லாத விஷயம். திங்கட்கிழமைப் பார்வை நேரத்தை நெருள் உள்ளிட்ட வட்டார அலுவலகங்களின் வாசலில் பலகையாக எழுதி வைக்கட்டும். மாதத்தில் ஒரு திங்கட்கிழமையாவது இரவு 8 மணி வரை ஒரு குமாஸ்தாவை அமர்த்தட்டும். அவருக்கு மறுநாள் காலை ஓய்வு கொடுக்கலாம்.