பாஸ்புக்கில் 87 வோல்ட்!

ராத்திரி 11 மணி. பெட்ரூம் லைட்டை அணைத்துவிட்டுப் படுத்தால், மேலே எல்.ஈ.டி. பல்பு மட்டும் மின்மினிப்பூச்சி மாதிரி மினுக்கிக்கொண்டிருக்கிறது. சுவிட்ச் ஆஃப்தான். எழுந்துபோய் இரண்டு தடவை தட்டிப் பார்த்தாச்சு.

"ஏங்க... இந்த வீட்ல முன்னால குடியிருந்தவங்க யாராவது..." என்று ஆரம்பித்தாள் மனைவி.

"பேசாம படு. காலைல பார்த்துக்கலாம்" என்றேன். தைரியமாகத்தான் சொன்னேன், போர்வைக்குள்ளிருந்து.

நான் பி.காம். கரன்ட் அக்கவுன்ட் தெரியுமே தவிர, கரன்ட் தெரியாது. இருந்தாலும் மறுநாள் 1,200 ரூபாய் கொடுத்து டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்கிவந்து, பல்பைக் கழற்றி, ஹோல்டரில் வைத்தேன். சுவிட்சைப் போட்டால் 231 வோல்ட். சரி. அணைத்தால்? 87!

ஆபீஸில் கேட்டேன். "மொத்த வயரிங்கையும் மாத்திடுங்க" என்றார் ஒருத்தர். கேஷியர் மட்டும் "வாஸ்து" என்றார்.

கடைசியில் எலக்ட்ரீஷியன் வந்தார். ஐம்பது வயசிருக்கும். பெருமையாக மீட்டரை நீட்டினேன். "இருக்கட்டும் சார்" என்று ஓரமாக வைத்துவிட்டு, பையிலிருந்து ஒரு 60 வாட்ஸ் குண்டு பல்பு, ஹோல்டர், இரண்டு துண்டு வயர் எடுத்தார். நம் ஹோல்டரில் கொடுத்தார். பல்பு எரியவே இல்லை. "இப்ப உங்க மீட்டரை வைங்க" என்றார். வைத்தேன். 87 போய், பூஜ்யம்!

விஷயம் இதுதான். கரன்ட் ஓடும் வயரும், அணைத்துவிட்ட வயரும் ஒரே பைப்புக்குள் பல மீட்டர் தூரம் உரசிக்கொண்டே போகின்றன. இரண்டும் சேர்ந்து ஒரு குட்டி கெப்பாசிட்டர் ஆகிவிடுவதால், அணைந்த வயரிலும் கொஞ்சம் வோல்ட் தொற்றிக்கொள்ளும். மீட்டருக்குள் இருப்பது சுமார் 1 கோடி ஓம் தடை. கரன்ட்டே இழுக்காது, வந்ததை அப்படியே நம்பிவிடும். எல்.ஈ.டி.க்கும் துளி கரன்ட் போதும், மினுக்கும். குண்டு பல்பு அப்படியில்லை. கால் ஆம்பியர் எடுத்து வை என்று கேட்கும். இருந்தால்தானே?

"புரிஞ்சுபோச்சு! பாஸ்புக்ல பேலன்ஸ் இருக்கு... செக் போட்டா பவுன்ஸ்!" என்றேன்.

"அதேதான் சார்." படித்த பி.காம். முதல்முறையாக உபயோகப்பட்டது.

"வந்ததுதான் வந்தேன், ஹாலையும் பார்த்துடறேன்" என்றார். ஹாலில் ஒரு தொந்தரவும் கிடையாது. அணைத்தால் அணையும். ஆனால் அணைத்த ஹோல்டரில் டெஸ்டரை வைத்ததும் பளிச்சென்றது.

"இதுவும் பவுன்ஸ் கேஸா?" என்றேன்.

"டெஸ்டர் பேச்சை நம்பக்கூடாது சார். தொத்திக்கிட்ட வோல்ட்டுக்கும் எரியும்" என்று சொல்லி, குண்டு பல்பின் ஒரு வயரைப் பக்கத்து பிளக் பாயின்ட் நியூட்ரலில் செருகி, இன்னொன்றை ஹோல்டர் முனையில் வைத்தார்.

பல்பு முழுசாக எரிந்தது. சுவிட்ச் ஆஃப்!

"எவனோ நியூட்ரல்ல சுவிட்சை மாட்டிட்டுப் போயிருக்கான். அணைச்சா பல்பு அணையும், ஃபேஸ் ஹோல்டர்லயே நிக்கும்."

மனைவி சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"போன வெள்ளிக்கிழமை சுவிட்சை அணைச்சுட்டுதானே அந்த ஹோல்டரை ஈரத்துணியால துடைச்சேன்..."

எலக்ட்ரீஷியன் ஒன்றும் சொல்லவில்லை. போய் மெயினை இறக்கினார். இருபது நிமிஷத்தில் இரண்டு வயரையும் இடம் மாற்றி, மறுபடி குண்டு பல்பை வைத்துக் காட்டினார். எரியவில்லை. அந்த பல்பு எரியாததற்கு நான் அவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று நினைத்ததில்லை.

ஹவுஸ் ஓனரிடம் சொன்னேன். "இத்தனை வருஷமா நல்லாத்தானே எரிஞ்சிட்டிருந்தது?" என்றார்.

பெட்ரூம் பல்பு இன்னும் மினுக்கிக்கொண்டுதான் இருக்கிறது. நைட் லாம்ப் செலவு மிச்சம் என்று விட்டுவிட்டோம்.