பெரியம்மாவின் சேலைத் தலைப்பு

அண்மையில் கலஹாவுக்குச் சென்றிருந்தபோது பெரியம்மா தமது பழைய அடையாள அட்டையை எடுத்துக் காட்டினார். நாற்பது வயதில் எடுத்த படம். "இது நான்தான்னு இப்ப யாரு தம்பி நம்புவாங்க?" என்று கேட்டுச் சிரித்தார். சிரிக்கையில் வழக்கம்போலச் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்.

முகத்தை மாற்றியது வயதென்றே அவர் எண்ணுகிறார். வயதுக்கு மட்டுமன்றி, இழந்த பற்களுக்கும் அதிற் பெரும்பங்குண்டு.

பல் இருக்கும்வரைதான் அதைத் தாங்கும் எலும்புக்கு வேலை. பிடுங்கியதும் எலும்பு கரையத் தொடங்குகிறது. முதலாண்டில் வேகமாகவும், பின்னர் வாழ்நாள் முழுவதும் மெதுவாகவும். உதடுகள் உள்ளே மடிகின்றன, கன்னங்கள் ஒட்டுகின்றன, நாடி மூக்கை நோக்கி எழுகிறது. கட்டுப்பல் முகத்தை ஓரளவு நிரப்பும். எலும்பு கரைவதை நிறுத்தாது. அதனாலேயே சில ஆண்டுகளில் தளர்ந்து ஆடுகிறது.

டைட்டானியம் எலும்போடு ஒன்றிவிடுவதை 1950களில் கண்டறிந்த சுவீடன் நாட்டுப் பிரனேமார்க், 1965இல் முதன்முதலாக மனிதரொருவருக்கு இம்பிளான்ட் பொருத்தினார். மெல்லும் விசை அதனூடாக எலும்புக்குச் செல்வதால், சுற்றியுள்ள எலும்பு பெருமளவு காக்கப்படுகிறது. ஆனால் ஏற்கனவே கரைந்த எலும்பை அது மீட்டுத் தராது. குழிந்த உதட்டைத் தாங்குவது, அதன்மேற் பொருத்தும் பல்வரிசையும் ஈறுபோன்ற விளிம்புமே. இளமை திரும்புமென்பது வியாபாரப் பேச்சு.

கீழ்த்தாடையில் பற்களே இல்லாதோருக்கு, இரண்டு இம்பிளான்ட்கள்மீது அமரும் கட்டுப்பல்லே முதற்தெரிவாக வேண்டுமென, 2002இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்திற் கூடிய நிபுணர்கள் அறிவித்தனர். கண்டியில் தனியாரிடம் அதற்கு இலட்சக்கணக்கில் செலவாகும். கொழுந்து பறித்து நாட்கூலியில் வாழ்ந்தவருக்கு அது எட்டாக்கனி. அரச வைத்தியசாலையிற் காசின்றிப் பல்லைப் பிடுங்கிக்கொள்ளலாம். இம்பிளான்ட் வைப்பதோ அவரவர் வசதியைப் பொறுத்ததாகிறது.

ஜப்பானிய உதவியுடன் 1998இல் எழுந்த பல் போதனா வைத்தியசாலைக் கட்டடம் பேராதனையில், கலஹாவிலிருந்து ஒரு பஸ் பயணத் தூரத்திலேயே இருக்கிறது. வறிய முதியோருக்கு அந்த 'இரண்டு' இம்பிளான்ட்களையேனும் அரசு தன் செலவில் அங்கு வழங்கவேண்டும். அதற்கு முன்பாக, காக்கக்கூடிய பல்லைப் பிடுங்காமற் காக்கும் சிகிச்சை தோட்டங்களுக்குச் செல்லவேண்டும்.

இதனை அழகு ஆசையென ஒதுக்குவோர் உண்டு. பெரியம்மா இழந்த இளமையைக் கேட்கவில்லை. சேலைத் தலைப்பை விலக்கிவிட்டு அவர் சிரிக்க முடிந்தாற் போதும்.